பாட்டும் தொண்டும்: மீனாட்சியம்மையார் வழியும் மலையகத்தின் கடனும்

இசைவாணர் பலரை நாம் அறிவோம். அவர்தம் குரலினிமையை வியந்து பேசுகிறோம். இசைத்தட்டுகளைப் பேணி வைக்கிறோம். கோயிலுக்கும் கல்விச்சாலைக்கும் அவர்கள் வழங்கிய கொடைகளை நன்றியோடு நினைவு கூர்கிறோம். ஆனால், தம் பாட்டைக் கேட்க வந்தவனுடைய நாட்கூலி உயரவேண்டும், அவன் மனைவியும் மனிதப் பிறவியென மதிக்கப்படவேண்டும், இருவரும் இந்நாட்டில் உரிமையோடு வாழவேண்டும் என்பதற்காகவே பாடிய ஒருவரை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். அவர்தாம் மீனாட்சியம்மையார். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் கோ. நடேசய்யரின் துணைவியார் அவர்.

பதுளையில் ஆசிரியத் தொழில் பார்த்துவரும் எனக்கு இந்த மறதி நெடுநாளாகவே உறுத்திவருகிறது. நடேசய்யரின் பெயர் பாடநூலில் ஒரு வரியாகவேனும் வந்துவிடுகிறது. அம்மையாரின் பெயரோ, ‘அவர் மனைவியும் உதவினார்’ என்ற அரைவரிக்குள் அடங்கிப்போகிறது. கூட்டத்தைப் பாட்டினால் திரட்டி, பத்திரிகையை எழுத்தினால் வளர்த்து, தம் பாடல்களை நூலாகவும் அச்சிட்டு வழங்கிய ஒருவரைத் துணைவியார் என்ற ஒரு சொல்லுக்குள் மட்டும் அடக்கிவிடலாமா? இக்கட்டுரை அவருக்குச் செலுத்தும் வணக்கம். அதனோடு, பாட்டையும் அரசியலையும் ஈகையையும் பற்றிச் சில எண்ணங்களை வாசகர் முன் வைக்கவும் விரும்புகிறேன்.

தேசபக்தன் காலம்

தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த நடேசய்யர் 1920ஆம் ஆண்டளவில் இலங்கையிலே நிலைகொண்டார். தோட்டங்களுக்குள் அந்நியர் கால்வைக்க முடியாத காலம் அது. அவர் புடவை வியாபாரிபோல வேடம் பூண்டு லயங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்று இன்றும் மலையகத்தில் சொல்வார்கள். 1921இல் ‘தேசநேசன்’ பத்திரிகையின் ஆசிரியரானார். 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதே 1924ஆம் ஆண்டிலேதான் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது என்பதும் நினைக்கத்தக்கது. கொழும்பிலே அச்சாகும் தாள் ஊவாவின் மலைகளுக்கு வந்து சேர அது ஒரு வழியைத் திறந்தது.

1925இல் நடேசய்யர் சட்ட நிரூபண சபையிலே இந்தியரின் பிரதிநிதியாக அமர்ந்தார். ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து கொழும்பின் தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தார். பின்னர் அவரைப் பிரிந்து, 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி 1947 வரை அங்கம் வகித்தார். அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார். இந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் மீனாட்சியம்மையார் உடன் நின்றார். நடேசய்யர் சபையிலும் மேடையிலும் இருந்த நாட்களில் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பிலும் பங்கு கொண்டார். பெண்கள் பொது மேடையில் ஏறுவதே அதிசயமாகக் கருதப்பட்ட அந்நாளில், அவர் மேடையேறிப் பாடினார், பேசினார், எழுதினார்.

அவர் முதலிற் பாடியவை பாரதியாரின் பாடல்கள். பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல் நூல்களைச் சென்னை மாகாண அரசாங்கம் 1928இல் பறிமுதல் செய்தது. தாய்நாட்டிலே அதிகாரிகள் கைப்பற்றிய பாடல்களை, கடல் கடந்த இத்தீவில் ஒரு பெண்மணி தொழிலாளர் கூட்டங்களிலே உரத்த குரலிற் பாடினார். பாரதி இலங்கையில் வேரூன்றிய கதையை எழுதுவோர், கற்றோர் அவையிலே அவரைப் பற்றி நிகழ்ந்த உரைகளைத்தான் பெரிதும் குறிப்பிடுகின்றனர். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியின் செவிக்குப் பாரதியைக் கொண்டுசென்ற குரலையும் அக்கதையிலே சேர்த்தல் வேண்டும்.

செவி வழிப் பத்திரிகை

பேச்சு இருக்க, பத்திரிகை இருக்க, பாட்டு எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவருக்கு விடை எளிது.

அக்காலத் தோட்டம் ஒரு தனி அரசு. துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளையும், பெரிய கங்காணியும், சில்லறைக் கங்காணியும் அடுக்கடுக்காக நின்றனர். கங்காணி கடன் கொடுப்பான். அக்கடனே தொழிலாளியை அவனோடு கட்டிப்போடும். ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும் என்ற முறை 1921 வரை இருந்தது. தொழிலாளருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தோட்டத்துக்குள்ளே தொழிற்சங்கத்தார் கூட்டம் போட முடியாது. ஆகவே பத்திரிகை வந்தாலும் அதைப் படித்துச் சொல்ல ஒருவன் வேண்டும். அவன் கங்காணியின் ஆளாக இருந்துவிட்டால் செய்தி வாசலோடு நின்றுவிடும்.

பாட்டுக்கு அந்தத் தடை இல்லை. சம்பள நாளில் நகரத்துக்கு வந்தவன் கேட்ட பாட்டை லயத்துக்குக் கொண்டுபோவான். அவன் மனைவி அதைக் கொழுந்து மலைக்குக் கொண்டுபோவாள். நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளுகையில் ஒருத்தி தொடங்க மற்றவள் தொடர்வாள். பறிமுதல் செய்யக் கையில் தாள் இராது. சாட்சி சொல்ல எழுத்தும் இராது.

அன்றியும், மலையகத்து மக்கள் பாட்டுக்குப் புதியவர் அல்லர். பொழுது புலருமுன் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பின் ஓசைதான். மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் அவர்கள் கடல் கடந்து கொண்டுவந்த செல்வங்கள். பிறப்புக்குத் தாலாட்டும் இறப்புக்கு ஒப்பாரியும் உடையவர்கள் அவர்கள். கங்காணியின் கொடுமையையும் ஆள்கட்டும் ஆசை வார்த்தையையும் அவர்களே பாட்டாக்கி வைத்திருந்தனர். வட்டகொடைக்கு அருகே மடகொம்பரையிற் பிறந்த கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை பிற்காலத்தில் அப்பாடல்களைத் தேடித் தொகுத்து அளித்தமையால் அவற்றுள் ஒரு பகுதி நமக்குக் கிட்டியது. துயரைப் பாட்டாக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அந்தத் துயருக்குக் காரணம் இன்னது, தீர்க்கும் வழி இன்னது என்று சொல்லும் பாட்டே இல்லாதிருந்தது. மீனாட்சியம்மையார் அந்தக் குறையை நிரப்பினார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளிற் புதிய செய்தியை அமைத்தமையே அவர் கையாண்ட வழி. மெட்டு பழகியது; ஆகவே செய்தி விரைவில் நெஞ்சில் ஏறியது.

நடேசய்யரும் இவ்வழியின் பயனை நன்கு அறிந்திருந்தார். ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்னும் நாடகத்தை அவர் எழுதி 1937இல் வெளியிட்டமை அதற்குச் சான்று. தமிழகத்திலும் அப்பொழுது இதுவே வழக்கு. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சான மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் விடுதலை இயக்கத்தின் செய்தியைப் பட்டி தொட்டிக்கெல்லாம் கொண்டுசென்றன. நாடக மேடையின் ராணியாக விளங்கிய கே. பி. சுந்தராம்பாள் கதருடுத்திக் காங்கிரஸ் மேடைகளிலே பாடினார். 1950களிற் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் வீற்றிருந்தார். அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் முதன்முதல் இணைந்து நடித்தது 1926இல், நம் கொழும்பு நகரிலேதான். சுந்தராம்பாளுக்கு முன்னரே பெரும் புகழ் இருந்தது. அப்புகழை அரசியலுக்கு ஈந்தார். மீனாட்சியம்மையாருக்கு நாடகக் கொட்டகையும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. அரசியல் மேடையே அவருக்கு அரங்கு. தோட்டத் தொழிலாளரே அவருடைய ரசிகர்.

1940: ஒரு நூலும் ஒரு மாகாணமும்

அம்மையாரின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பில் 1940இல் நூலுருப் பெற்றன. தலைப்பைப் பார்த்தால் அரசாங்க விசாரணைக் குழுவின் அறிக்கை போலத் தோன்றும். உள்ளே இருப்பனவோ பாட்டுகள்! அறிக்கை எழுதவேண்டிய விடயத்தை ஏன் பாட்டாக எழுதினார் என்பது அக்காலத்தை நோக்கினால் விளங்கும்.

1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை பார்த்த இந்தியரை நீக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பயன் விளையவில்லை. அவ்வருகையின் விளைவாக இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆகஸ்ட் மாதம் முதல் இலங்கைக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தான். நூறாண்டுக்கு மேலாக இம்மண்ணை வளப்படுத்திய மக்களிடம், ‘நீங்கள் யார்?’ என்ற கேள்வி எழுப்பப்பட்ட காலம் அது. அக்கேள்வியின் பொருளைத் தொழிலாளருக்கு விளக்கவும், ஒற்றுமை இன்றேல் உய்வில்லை என்று உணர்த்தவுமே அம்மையார் பாடினார்.

அதே 1940இல் எங்கள் ஊவா மாகாணமும் கொதித்தெழுந்தது. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்திலே சமசமாஜிகளின் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் தனி இடம் பெற்றது. தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவோடு கலந்து ஆலோசித்தே தோட்டத்தை நடத்தத் துரை இசைந்தார் என்பதும், அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துவிட்டனர் என்பதும் இன்று கேட்டாலும் வியப்பூட்டும் செய்திகள். மே மாதத்தில் தடையை மீறிப் பதுளை நகரிலே கூட்டம் நடந்தது. அடுத்த மாதம் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலிய தலைவர்கள் கைதாயினர்.

நடேசய்யரின் அணி வேறு, காங்கிரஸ் வேறு, சமசமாஜிகள் வேறு. அவர்களுக்குள் பூசல்களும் இருந்தன. எனினும், கட்சிகளின் வேலிகளைத் தாண்டி அந்த ஆண்டில் மலையகம் முழுவதும் ஒன்று நிகழ்ந்தது: துரையின் முன் தலைகுனிந்து நின்றவன் நிமிர்ந்து நின்று கேட்கத் துணிந்தான். அவ்வாண்டிலேயே தோட்டச் சொந்தக்காரர் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கையொன்றைச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

கேள்வி ஒன்று

இவற்றையெல்லாம் மேல் வகுப்பொன்றிலே நான் எடுத்துரைத்துக் கொண்டிருந்தபொழுது, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து, “பாட்டுப் பாடினா சம்பளம் கூடுமா, சேர்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தாயார் கொழுந்து பறிப்பவர்.

நேர்மையான விடை சொல்வதாயின் கணக்கைப் பார்த்தே சொல்லவேண்டும். குறைந்தபட்ச வேதனச் சட்டம் 1927இல் நிறைவேறியது. அதன்படி நிர்ணயிக்கப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, உயர்ந்த மலைப்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. கொழுந்தைக் கிள்ளும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. ஆயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற நிலை 1984இலேதான் கைகூடியது. மீனாட்சியம்மையார் மேடையேறிய காலத்திலிருந்து அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

ஆகவே, பாட்டு நேராகச் சம்பளத்தைக் கூட்டுவதில்லை என்றே அம்மாணவிக்குச் சொன்னேன். சம்பளத்தைக் கூட்டியவை சங்கமும் வேலைநிறுத்தமும் வாக்குமாகும். ஆனால், சங்கத்திற் சேரத் துணிய வேண்டும். வேலைநிறுத்தத்திலே பக்கத்து லயத்தானை நம்ப வேண்டும். அவன் வேறு சாதி, வேறு கங்காணியின் ஆள் என்ற பிரிவினையை மறக்க வேண்டும். சந்தாப் புத்தகத்தைக் காட்டி இத்துணிவை ஊட்டிவிட முடியாது. நூறு பேர் ஒரே அடியை ஒரே மூச்சிற் பாடும்போது, தான் தனியன் அல்லன் என்பதை ஒருவன் தன் செவியாலேயே அறிகிறான். பாட்டு செய்த வேலை அதுதான். அதைச் சிறிய வேலை என்று நான் எண்ணவில்லை. அம்மாணவி அதை முழுதும் ஏற்றுக்கொண்டாளா என்பது வேறு. “அப்படின்னா இப்ப ஏன் யாரும் பாடுறதில்ல?” என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டே அமர்ந்தாள்.

ஈகை இருவகை

இசைவாணர் பொதுநலத்துக்கு உதவும் வழி இரண்டு. ஒன்று, பாடி ஈட்டிய பொருளைக் கொடுத்தல். மற்றொன்று, குரலையே கொடுத்தல்.

முதல் வழிக்கு நம்மிடையே சிறந்த எடுத்துக்காட்டு எம். எஸ். சுப்புலட்சுமி. 1944இற் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். வாழ்நாள் முழுவதும் மருத்துவமனைக்கும் கல்விக்கும் கோயிலுக்குமாகப் பாடிக் கொடுத்தார். 1974இல் அவருக்கு வழங்கப்பட்ட மகசேசே விருது இசைக்காக அன்று, பொதுத் தொண்டுக்காக அளிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. இரண்டாம் வழிக்கு எடுத்துக்காட்டு மீனாட்சியம்மையார்.

இவ்விரண்டையும் ஒன்றாக்கியவர் உலகில் உண்டா எனின், அமெரிக்க நீக்ரோ இனத்திற் பிறந்த பெரும் பாடகர் பால் ரொப்சனைச் சொல்வேன். 1934 செப்டெம்பர் 22ஆம் நாள் வேல்ஸ் நாட்டு கிரெஸ்போர்ட் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 266 பேர் மாண்டனர். மறுநாள் அந்நாட்டிலே பாடவிருந்த ரொப்சன், தமக்குரிய ஊதியம் முழுவதையும் அக்குடும்பங்களுக்கு அளித்தார். அதனோடு அவர் நின்றுவிடவில்லை. சுரங்கத் தொழிலாளரின் உரிமைப் போரிலும் உடன் நின்றார். தம் நாட்டிலே கறுப்பருக்காகவும் தொழிலாளருக்காகவும் பேசியதற்காக 1950இல் அவருடைய கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. வெளிநாடு செல்ல இயலாத அவர், 1957இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகவே வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் விழாவிற் பாடினார்! பணம் கொடுத்ததற்காக அவர்கள் அவரை நினைவில் வைத்திருக்கவில்லை. தம்மவருள் ஒருவராக நின்றதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

சுரங்கத்து மக்களின் வரிசை வீடுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் லயங்களே நினைவுக்கு வரும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியிலே புயல் மழையினால் பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன. அத்தகைய வேளையில் உதவி வேண்டும், உடனே வேண்டும். அரிசியும் போர்வையும் கொண்டுவருபவரை நான் ஒருபோதும் குறைத்துப் பேசேன். உரிமைப் பாட்டு பசித்த குழந்தைக்கு அன்றைய இரவுக்கு உணவாகாது.

ஆயினும் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நகரத்து மண்டபம் ஒன்றிலே தோட்ட மக்களுக்காக நடந்த உதவி நிகழ்ச்சிக்கு நானும் சென்றிருந்தேன். அழைத்துவரப்பட்ட பாடகர் சினிமாப் பாடல்களைப் பாடினார், மண்டபம் ஆரவாரித்தது. பின்னர் தோட்டத்துப் பெண்கள் பன்னிருவரை மேடையேற்றி, ஆளுக்கொரு பொதி கொடுத்து, நிழற்படம் எடுத்தனர். அவர்களுள் ஒரு மூதாட்டி காமன் கூத்தில் இலாவணி முழுவதையும் மனப்பாடமாகப் பாடவல்லவர் என்பதை நான் அறிவேன். அவர் பாட அழைக்கப்படவில்லை. அவருடைய பெயரும் சொல்லப்படவில்லை. ‘பயனாளி’ என்றார்கள். பொதியை இரு கையாலும் வாங்கி, வணங்கி, இறங்கினார்.

இதிலே கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனால் அன்று அந்த மேடையிலே கலைஞர் ஒருபுறம், ஏழைகள் மறுபுறம் என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டது. இந்தக் கோட்டைத்தான் மீனாட்சியம்மையார் அழிக்க முயன்றார். அவர் கூட்டத்திலே தொழிலாளி கேட்பவன் மட்டும் அல்லன். அடுத்த அடியை எடுத்துப் பாடுபவனும் அவனே.

மேலும் ஒன்று. மலையகத்து மக்கள் என்றும் வாங்குபவராகவே இருந்தனர் என்பது வரலாறு அன்று. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து, பதுளை வரை பயணம் செய்து கதர் நிதி திரட்டினார். அப்போது தோட்டத் தொழிலாளர் தம் சொற்பக் கூலியிலிருந்து காசு கொடுத்தனர். தேயிலையின் வழியே இந்நாட்டுக்கு ஈந்ததையோ கணக்கிட முடியாது. கொடுத்தே பழகிய மக்களை வாங்குவோர் வரிசையிலே நிறுத்தி மட்டும் பார்க்கும் பார்வை மாறவேண்டும்.

குரல் எங்கே போயிற்று?

‘இப்ப ஏன் யாரும் பாடுறதில்ல’ என்ற அம்மாணவியின் இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதாக வைத்தது. குடும்பங்கள் பிரிந்தன, லயத்தில் ஒரே காம்பராவில் வளர்ந்த அக்காள் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராயினர். பதுளையிற் புகையிரதம் ஏறித் தலைமன்னாரிற் கப்பல் ஏறியவர்களோடு, கூத்து வாத்தியார்களும் தப்படிக்கும் கலைஞர்களும் தாலாட்டுப் பாடும் பாட்டிமாரும் போயினர். ஒரு மக்கட் கூட்டத்தை இரண்டாக வெட்டும்போது பாட்டு மட்டும் முழுமையாய் எஞ்சுமா?

எனினும், போன குரல் முற்றும் அழியவில்லை என்பதற்கு அண்மையிலே ஒரு சான்று கிட்டியது. 2021 மார்ச் மாதத்தில் ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடல் வெளிவந்து கோடிக்கணக்கானோர் செவியில் ஏறியது. அதனை எழுதிப் பாடிய ‘தெருக்குரல்’ அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துத் தாயகம் திரும்பிய பாட்டியின் பேரர். நிலமற்ற அவ்வாழ்வின் நினைவுகளே அப்பாட்டுக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். சாதி எதிர்ப்பைப் பாட்டாக்கிய குழுவில் 2018 முதல் பாடிவந்த அவர், ஆடவைக்கும் தாளத்திலே அரசியலையும் வைத்தார். மீனாட்சியம்மையார் பழகிய மெட்டிற் புதுச் செய்தியை வைத்ததும் இதுவும் ஒரே மரபின் இரு கிளைகள் என்பேன். அப்பாடலின் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்ற வாதம் பின்னர் வெளிப்படையாக எழுந்தது. அதிலே தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. ஆனால், உழைத்தவனுடைய பெயர் உரிய இடத்தில் நிற்கவேண்டும் என்ற பழைய கேள்வி, தேயிலைப் பெட்டியிலிருந்து பாட்டு வரைக்கும் தொடர்ந்து வருவதை மட்டும் கவனிக்கிறேன்.

அதே 2021 மார்ச் மாதத்திலேதான், பல்லாண்டுப் போராட்டத்தின் பின், இங்கே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கடலுக்கு அப்பால் பேரன் பாடிய பாட்டை, இங்கே கொழுந்து மடுவத்தின் அருகே இளைஞர் கைத்தொலைபேசியிற் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அது தங்கள் பாட்டிமாரின் கதை என்பதை அவர்களுட் சிலரே அறிந்திருந்தனர்.

நாம் செய்யத்தக்கது

ஆசிரியர்களே, மாணவர்களே, இலக்கிய வட்ட அன்பர்களே! இங்கே நமக்கு ஒரு கடன் உண்டு. அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை.

ஊவாவின் தோட்டங்களிலே, ஸ்பிரிங்வெலியிலும் டெமோதரையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும், எண்பது வயது கடந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நெஞ்சிலுள்ள பாட்டு அவர்களோடு மறைந்துவிடும். மேல் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு பாட்டையேனும் கேட்டு எழுதட்டும்; கைத்தொலைபேசியிலே குரலையும் பதியட்டும். எழுதும்போது பாடியவரின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், எந்த வேலையின்போது பாடினார் என்பதையும் அவருடைய சம்மதத்தோடு குறிக்கட்டும். ‘நாட்டார் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதிவிடுவது எளிது. பெயர் தெரிந்தவர் நம் எதிரிலேயே இருக்கும்போது அப்படி எழுதுவது நீதியன்று. அவ்வேடுகளைப் பாடசாலை நூலகத்திலே வைப்போம்.

மலையகத் தொழிற்சங்க வரலாற்றை ஆராய்ந்து நடேசய்யரை மீண்டும் நம் கண்முன் நிறுத்திய சாரல்நாடன் 2014இல் மறைந்தார். அவர் தொட்டுக் காட்டிய இடத்திலிருந்து மேலே செல்லும் பொறுப்பு நம்முடையது. அம்மையாரின் பாடல்களைத் தமிழ்த் தின விழாவிலே மாணவிகள் பாடினால், அவை ஏட்டிலிருந்து மீண்டும் குரலுக்கு வரும். அவை குரலுக்காகவே எழுதப்பட்டவை.

உதவி நிகழ்ச்சி நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை தோட்ட மக்களுக்காக மேடை அமைக்கும்போது, அம்மக்களிடையே உள்ள ஒரு கலைஞரையும் பாட அழையுங்கள். அவர் பெயரை அழைப்பிதழில் அச்சிடுங்கள். நகரத்துப் பாடகருக்குக் கொடுப்பதுபோல அவருக்கும் சன்மானம் கொடுங்கள். பொதியை அதன்பிறகு கொடுக்கலாம். வாங்கும் கை அப்போது வேறுவிதமாக நீளும்.